பால் தாமதமாக வந்த வீடுகளுக்கு

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று திண்ணையில் உட்கார்ந்து அரை டம்ளர் கஞ்சி குடித்தார். அன்று விடியற்காலையில் என்ன நடந்தது, அப்புறம் ஒன்பது நாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் எப்படிப் போனது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். பாதிப் பேர் கூடவே இருந்தீர்கள். அதைத் திரும்ப எழுத மனசு வரவில்லை. நன்றியை மட்டும் எழுதிவிடுகிறேன்.

ரத்தம் கொடுத்த பிள்ளைகள், வார்டில் ராத்திரி முழுக்கக் கண்விழித்த நர்ஸம்மாக்கள், எங்கள் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிய பெரியம்மா வீட்டார், கேட்காமலேயே வயலுக்குப் போய் மடையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், எல்லாருக்கும் நன்றி. பெயர் பெயராக எழுதினால் ஒருவர் விட்டுப்போய், கல்யாணப் பத்திரிகைச் சண்டை மாதிரி ஆகிவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுத வந்தது ஒரு பால்காரரைப் பற்றி. ஆனால் முதலில் எங்கள் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1998 மாடல், வெள்ளை மாருதி 800. 2003இல் கும்பகோணத்தில் ஒரு டாக்டரிடமிருந்து அப்பா வாங்கியது. எங்கள் குடும்பத்தின் முதல் கார். ‘டாக்டர் வண்டி’ என்று அவர் சொல்லாத ஆள் இல்லை. என்னவோ அந்த டாக்டரே கூட வந்துவிட்ட மாதிரி. மூன்று சிலிண்டர், நாலு கியர். அந்த மாடல் உற்பத்தியே 2014இல் நின்றுவிட்டது. இவர் 15 வருடப் பதிவு முடிந்த பிறகும் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்து வைத்திருந்தார். ‘தள்ளிவிடுங்கப்பா, செலவுதான் மிச்சம்’ என்று வருடம் தவறாமல் சொன்னவள் நான்.

வாங்கிய வருடம் மார்கழியில்தான் எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். வேறு மாதம் அவருக்குத் தோதுப்படாது. ஐப்பசி கார்த்திகையில் கரை சேறாகக் கிடக்கும். தை பிறந்தால் அறுப்பு, ரோடெல்லாம் நெல் காயும். சம்பா கதிர் விட்டு நிற்கிற மார்கழியில்தான் ஒரு விவசாயிக்குக் காலையில் ஒரு மணி நேரம் சும்மா கிடைக்கும். ஐந்தரை மணிக்கு எழுப்புவார். கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்கும். சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடானதும் மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். நான் தினமும் மறப்பேன். வண்டி பெட்ரோல் நாற்றத்தோடு இருமும், அவர் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டித் தள்ளிவிடுவார். முதல் நாள் ரிவர்ஸ் எடுத்ததில் அம்மாவின் கோலத்தையும் சாணிப்பிள்ளையார் மேல் வைத்த பூசணிப்பூவையும் ஏற்றி நசுக்கிவிட்டேன். அந்தத் திட்டு இன்னும் பாக்கி இருக்கிறது.

நம் பக்கத்தில் மேடு என்றால் பாலம் ஒன்றுதான். அதனால் ஹாஃப் கிளட்ச் பழகுவதற்காக ஒரே வாய்க்கால் பாலத்தில் நாற்பது தடவை ஏறி இறங்கினேன். பனிக்கு அவர் சொன்னது இரண்டு பாடம். ஹை பீம் போடாதே, வெளிச்சம் பனியில் பட்டு உன் கண்ணுக்கே திரும்பி வரும், டிம் போடு. கண்ணாடியில் ஆவி படிந்தால் ஜன்னலை இரண்டு விரல்கடை இறக்கு.

அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று காலை இரண்டையும் செய்தேன். ஆனாலும் பானெட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. பாமணியாற்றுக் கரை உங்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல், நடுவில் ஒரு வண்டி போகிற அகலம். அப்பா முதல் தடவையாக என் பக்கத்து சீட்டில் இல்லை. பின்னால், அம்மா மடியில் கிடந்தார். நான் வண்டியை நிறுத்திவிட்டேன். நிறுத்திவிட்டு அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எதிரே ஒரு டிவிஎஸ் எக்ஸெல் வந்து நின்றது. இரண்டு பக்கமும் பால் கேன். அறுபது வயது இருக்கும், காதை மூடித் துண்டு கட்டியிருந்தார். உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்தார். என்ன, எப்படி என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. வண்டியை வந்த வழிக்கே திருப்பினார். பின்னால் லைட் எரியவில்லை. தலைத் துண்டை அவிழ்த்து, செல்போன் டார்ச்சைப் போட்டு, கேன் மேல் பின்பக்கம் பார்க்க வைத்துக் கட்டினார். “இந்த வெளிச்சத்தையே பாத்துக்கிட்டு வாம்மா. கரைய நான் பாத்துக்கறேன்” என்றார்.

வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பு வரை நாலு கிலோமீட்டர். அந்த வெளிச்சத்தைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. நடுவில் பின்னாலிருந்து முனகலாக அப்பா குரல்: “சோக்க உள்ள தள்ளினியா?” தள்ளவில்லை. தள்ளினேன்.

வழியெல்லாம் அவருடைய போன் அடித்துக்கொண்டே வந்தது. இறக்கிய ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. மன்னார்குடியில் யாரோ பாலுக்குக் காத்திருந்தார்கள். எடுத்தால் வெளிச்சம் போய்விடும் என்று அவர் எடுக்கவே இல்லை. ஆற்று ஓரம் முடிந்து மெயின் ரோடு வந்ததும் கையைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். வெறும் தலையோடு, அந்தப் பனியில்.

நீடாமங்கலம் ரயில்வே கேட் அன்று திறந்திருந்தது. அதற்கு யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருக்கிறேன்.

அன்று காலை மன்னார்குடியில் காப்பிக்குப் பால் வராமல் வாசலில் நின்றவர்களே, பிள்ளைக்குப் பால் இல்லாமல் சமாளித்தவர்களே, கூட்டம் சேர்ந்த நேரத்தில் பாய்லரைப் பார்த்துக்கொண்டு நின்ற டீக்கடைக்காரரே, நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அந்த ஒரு மணி நேரம் உங்களுடையது. எங்களுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அவரைத் திட்டியிருந்தால் அந்தத் திட்டு என்னைச் சேர்ந்தது.

முந்தாநாள் விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டேன். பணம் என்று வாயைத் திறப்பதற்குள் கையை ஆட்டிவிட்டார். “பனியில பாலு கெடாதும்மா. அப்பா எப்படி இருக்காரு?” அவ்வளவுதான்.

காரை விற்கச் சொல்லி இனி வாய் திறக்க மாட்டேன். சாயங்காலம் அவர் அப்பாவைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். எக்ஸெல்லுக்குப் பின் லைட் பல்பு ஒன்று வாங்கி ஜன்னலில் வைத்திருக்கிறேன். கடையில் மாட்டிக்கொள்ளலாமே என்றால் அப்பா கேட்கவில்லை. காலையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரைத் தேடச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.