எங்களுக்கு அந்த விலக்கு வேண்டாம்

மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் செயலாளர் அவர்களுக்கு,

ஐயா, வணக்கம்.

மதுரையில் 11 பேரோடு ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறேன். கிளினிக்குகளுக்கும் சிறு மருத்துவமனைகளுக்கும் டோக்கன் போடவும் பில் போடவும் மென்பொருள் செய்து கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப். அதாவது, 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 17(3) பிரிவை யாரை மனத்தில் வைத்து எழுதினீர்களோ, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். சட்டத்தின் சில கடமைகளிலிருந்து ஸ்டார்ட்அப் போன்ற நிறுவனங்களை விடுவிக்க அரசுக்கு இடம் கொடுக்கும் பிரிவு அது. அந்தப் பிரிவைக் காட்டி எங்களுக்கு விலக்கு கொடுத்துவிடாதீர்கள் என்று கேட்பதற்காகத்தான் இந்த மடல்.

இப்படி ஏன் கேட்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சம்பந்தப்பட்டவரின் அனுமதி பெற்றே எழுதுகிறேன். ஆள் தெரியக் கூடாது என்பதற்காக ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் பெண்ணுக்குத் திருமணமாகி நான்கு ஆண்டுகள். குழந்தை இல்லை. வீட்டில் பேச்சு வளர வேண்டாம் என்று, கணவனும் மனைவியும் யாருக்கும் சொல்லாமல் வெளியூரில் ஒரு மருத்துவரைப் பார்த்தார்கள். அவர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். ஸ்கேன் சென்டரில் நேரில் டோக்கன் கிடையாது, செயலியில்தான் போட வேண்டும் என்றிருக்கிறார்கள். அது நாங்கள் செய்த செயலி இல்லை. பெயர், வயது, போன் நம்பர், என்ன ஸ்கேன், எழுதிக் கொடுத்த டாக்டர் யார் என்று எல்லாம் கேட்டது. போனில் சேமித்து வைத்திருக்கும் நம்பர்களைப் பார்க்கவும் அனுமதி கேட்டது. அனுமதித்தால்தான் அடுத்த பக்கம் திறந்தது. வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. அனுமதித்துவிட்டார்.

ஐந்தாம் நாள் காலை. அவர் குளிக்கப் போயிருந்தார். சமையலறை அலமாரியில் சார்ஜில் கிடந்த போன் அடித்தது. மாமியார் எடுத்தார். "மேடம், போன வாரம் நீங்க எடுத்த ஸ்கேன் விஷயமா பேசறோம். நம்மகிட்ட ஐவிஎஃப் பேக்கேஜ் இருக்கு, இஎம்ஐ-யிலயும் கட்டலாம்."

அன்று அந்த வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, கம்ப்யூட்டரைக்கூடத் திறக்காமல் என் மேசைக்கு முன்னால் நின்றார். "சார், நம்ம சாஃப்ட்வேர்லயும் இப்படித்தான் நடக்குமா?" என்றார். "இல்லம்மா" என்றேன். "காட்டுங்க சார்" என்றார்.

நாங்கள் யாருக்கும் எதையும் விற்றதில்லை. அந்தத் தைரியத்தில்தான் டேட்டாபேஸைத் திறந்து காட்டினேன். திறந்த பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை. 'வந்த காரணம்' என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. 2019-ல் ஒரு டாக்டர் கேட்டார் என்று நாங்கள் சேர்த்தது. வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அதில் கேட்டதைக் கேட்டபடி அடித்து வைத்திருந்தார்கள். 'சுகர் ஃபாலோஅப்.' 'நாள் தள்ளிப்போச்சு.' 'தூக்கம் இல்லை, அழுதுகிட்டே இருக்காங்களாம்.' பக்கத்திலேயே பெயர், வயது, தெரு, போன் நம்பர்.

டோக்கன் அன்றன்றைக்கே முடிந்துபோகிற விஷயம். சிகிச்சைக் குறிப்பு டாக்டரிடம் தனியாக இருக்கிறது. "பிறகு இதை ஏன் சார் இத்தனை வருஷமா வச்சிருக்கோம்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அழி என்று எங்களை யாரும் சொல்லவில்லை, அதனால் அழிக்கவில்லை. அவ்வளவுதான் உண்மை.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை இரவு நானும் எங்கள் புரோகிராமர் ஒருவரும் உட்கார்ந்தோம். 'வந்த காரணம்' என்ற கட்டத்தையே எடுத்துவிட்டோம். வரிக் கணக்குக்காக வைத்திருக்க வேண்டிய பில்லைத் தவிர, 90 நாள் கடந்த டோக்கன் விவரம் எல்லாம் தானாகவே அழிகிற மாதிரி எழுதினோம். ஞாயிறு மாலைக்குள் முடிந்தது. பழைய பேக்கப்களில் இருந்ததை நீக்க இன்னொரு வாரம் ஆனது. ஒப்புதல் கேட்கும் பக்கத்தையும் மாற்றினோம். அதுவரை அங்கே இருந்தது வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டிய ஆங்கில வாசகம். நானே அதை முழுதாகப் படித்ததில்லை. தமிழில் புதிதாக எழுதி அந்தப் பெண்ணிடம் காட்டினேன். 'உங்கள் தரவு' என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு 'நீங்கள் சொல்லும் விவரம்' என்று மாற்றினார். கடைசியில் ஒரு வரியும் சேர்த்தார்: 'போன் நம்பர் தர விருப்பம் இல்லையென்றாலும் டோக்கன் உண்டு.'

ஸ்டார்ட்அப்களால் இந்தச் சட்டத்தின் சுமையைத் தாங்க முடியாது என்று உங்களிடம் வந்து சொல்கிறவர்கள் உண்டு என்பதை அறிவேன். எங்களுக்கு ஆன சுமையைச் சொல்லிவிட்டேன். ஒரு சனி, ஒரு ஞாயிறு, அப்புறம் ஒரு வாரம்.

இப்போது 17(3)-ஐப் பாருங்கள். என்ன விவரம் வாங்குகிறோம், எதற்காக வாங்குகிறோம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது 5-ஆம் பிரிவு. காரியம் முடிந்ததும் அழிக்க வேண்டும் என்பது 8(7). என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பது 11. அறிவிக்கை ஒன்றை வெளியிட்டு, ஸ்டார்ட்அப் உள்ளிட்ட நிறுவனங்களை இந்த மூன்றிலிருந்தும் நீங்கள் விடுவிக்கலாம் என்கிறது 17(3). கூடவே, விவரம் சரியாக இருப்பதை உறுதி செய்யச் சொல்லும் 8(3), பெரிய அளவில் விவரம் கையாள்வோருக்குக் கூடுதல் கடமை போடும் 10 ஆகியவற்றிலிருந்தும். "காட்டுங்க சார்" என்று எங்கள் கணக்காளர் கேட்டாரே, அதுதான் 11-ஆம் பிரிவு. "ஏன் வச்சிருக்கோம்" என்று கேட்டாரே, அதுதான் 8(7). அவர் என் ஊழியர் என்பதால் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று கேட்க முடிந்தது. எங்கள் கிளினிக்குகளில் டோக்கன் போடும் மற்றவர்கள் எந்த மேசைக்கு முன்னால் போய் நிற்பார்கள்? சட்டம்தான் அவர்களுக்கு அந்த இடத்தைக் கொடுத்திருக்கிறது. எங்கள் நன்மைக்காக என்று சொல்லி அதைப் பறித்துவிடாதீர்கள்.

வியாபாரமாகவே பார்த்தாலும் இந்த விலக்கு எங்களுக்குக் கெடுதல்தான். சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்தின் ஆட்கள் எங்களைத் தேடி வந்தார்கள். எங்கள் செயலிக்குள் அவர்களுடைய எஸ்டிகே (அவர்கள் எழுதிய நிரல் தொகுப்பு) ஒன்றைச் சேர்த்தால் போதும், மாதா மாதம் பணம். ஒரு லீட்டுக்கு, அதாவது வாடிக்கையாளராகக் கூடிய ஒருவரின் விவரத்துக்கு, இவ்வளவு என்று விலைப்பட்டியலே கையில் வைத்திருந்தார்கள். முழங்கால் அறுவைக்கு ஒரு விலை, சிறுநீரகக் கல்லுக்கு ஒரு விலை, குழந்தையின்மைக்கு எல்லாவற்றையும் விட அதிகம். முடியாது என்று அனுப்பிவிட்டோம். மூன்று மாதத்தில் எங்களிடம் இருந்த இரண்டு கிளினிக்குகள் வேறொரு மென்பொருளுக்கு மாறின. அது இலவசமாம். சர்வர் வாடகை கட்டி, சம்பளம் கொடுத்து, ஒருவர் எப்படி இதை இலவசமாகத் தர முடிகிறது என்று அந்த டாக்டர்கள் கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் இல்லை. மாதம் கட்டும் பணம் மிச்சம் என்றால் யார்தான் போகமாட்டார்கள்?

எங்கள் நிறுவனத்தில் பணம் போட வந்த ஒருவர் முதல் கேள்வியாகவே கேட்டார், "எத்தனை லட்சம் நம்பர் கையில இருக்கு?" என்று. நாங்கள் 90 நாளில் அழிக்கிறோம் என்றதும் பேச்சு அதோடு நின்றது. நேர்மையாக நடப்பவனுக்குச் செலவு, விற்பவனுக்கு வரவு என்ற நிலை இன்று இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று வந்தால்தான் இது மாறும். ஸ்டார்ட்அப்புக்கு விலக்கு என்று அறிவித்தீர்களானால், அந்த இலவச மென்பொருளும் ஸ்டார்ட்அப்தான், விலைப்பட்டியலோடு வந்தவர்களும் ஸ்டார்ட்அப்தான். விலக்கு அவர்களுக்கும்தான் போய்ச் சேரும்.

பெரிய நிறுவனங்கள் எங்களை நசுக்கும்போது நாங்கள் உங்களிடம்தான் ஓடி வருகிறோம். 2024 மார்ச் 1-ஆம் தேதி, கட்டணத் தகராறில், சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட செயலிகளைக் கூகுள் தன் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. ஸ்டார்ட்அப் உலகமே கொதித்தது. அரசு தலையிட்டது, செயலிகள் திரும்பி வந்தன. ஒத்துக்கொள் இல்லையேல் வெளியே போ என்று 2021-ல் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றியதற்காக, அதன் உரிமையாளரான மெட்டா நிறுவனத்துக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213 கோடி ரூபாய் அபராதம் போட்டது. இரண்டிலும் எங்கள் வாதம் ஒன்றுதான்: எதிரில் இருப்பவனுக்கு வேறு வழி இல்லை என்று தெரிந்துகொண்டு நிபந்தனை போடுவது அநியாயம். அந்த ஸ்கேன் சென்டர் வாசலில் வரிசையில் நின்ற பெண்ணுக்கு மட்டும் என்ன வேறு வழி இருந்தது? கூகுளிடம் நாங்கள் கேட்ட நியாயத்தை நோயாளிக்கு நாங்கள் கொடுக்க மாட்டோம் என்றால், இனி எந்த முகத்தோடு உங்களிடம் வந்து முறையிடுவது?

மனத்தில் இருப்பதை இன்னும் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னது 2017 ஆகஸ்ட் 24-ல். சட்டம் வர ஆறு ஆண்டுகள் ஆயின. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. வந்ததும் என்ன நடந்தது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தி, மக்கள் அரசிடம் கேள்வி கேட்பதைக் குறுக்கும், இந்தத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு உடனடியாக நடைமுறைக்கு வந்தது. மக்கள் நிறுவனங்களிடம் கேள்வி கேட்கும் பிரிவுகளுக்கு 18 மாத அவகாசம், அதாவது 2027 மே வரை. இந்த வரிசையை முடிவு செய்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் அந்தப் பணம் முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்கு, அதாவது அரசுக் கருவூலத்துக்கு, போகிறது. ஐவிஎஃப் பேக்கேஜ் அழைப்பால் ஒரு வீட்டின் நிம்மதி போனதே, அந்தப் பெண்ணுக்கு அதிலிருந்து ஒரு ரூபாய்கூட இல்லை. பில் போட வாடிக்கையாளரின் போன் நம்பரை வற்புறுத்திக் கேட்கக் கூடாது என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்குச் சொன்னது. இன்றும் சோப்பு வாங்கப் போனால் நம்பரைக் கேட்காமல் பில் அடிப்பதில்லை. அறிவுரையின் கதி இதுதான் என்று தெரிந்துதான், சட்டத்திலும் ஓட்டை போட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சுகிறேன்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததற்குத் திரும்புகிறேன்.

உங்கள் சட்டத்தின் 6-ஆம் பிரிவிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. தொலைமருத்துவச் செயலி ஒன்று, சிகிச்சைக்குத் தேவையான விவரத்தோடு போனில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்கிறது. ஒரு பெண் இரண்டுக்கும் சரி என்கிறார். தொடர்பு எண்கள் சிகிச்சைக்குத் தேவை இல்லை, ஆகவே அவர் கொடுத்த ஒப்புதல் சிகிச்சை விவரத்துக்கு மட்டும்தான் செல்லும் என்கிறது சட்டம். அந்த எடுத்துக்காட்டைப் படித்தபோது, எங்கள் கணக்காளரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதியது போல இருந்தது. இவ்வளவு தெளிவாக எழுதத் தெரிந்தவர்கள்தான் நீங்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கலாம் என்ற நம்பிக்கை வந்தது.

17(3)-இன் கீழ் ஸ்டார்ட்அப்களுக்கு, குறைந்தபட்சம் மருத்துவ விவரங்களைக் கையாளும் எங்களைப் போன்றவர்களுக்கு, விலக்கு அளிக்கும் அறிவிக்கை எதையும் தயவுசெய்து வெளியிடாதீர்கள். மருத்துவச் செயலிகளுக்காவது 2027 மே வரை காத்திருக்காமல், சொல்லும் கடமையையும் அழிக்கும் கடமையையும் முன்கூட்டியே கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். எங்களுக்கு உதவ வேண்டும் என்று நினைத்தால் வேறு வழிகள் உண்டு. தமிழிலும் மற்ற மொழிகளிலும் எளிய ஒப்புதல் படிவங்களைத் தயாரித்து இலவசமாகக் கொடுங்கள். சிறு நிறுவனங்களுக்கு மாவட்டத்தில் ஒரு நாள் பயிற்சி வையுங்கள். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறோம். விலக்கு மட்டும் வேண்டாம்.

எங்கள் கணக்காளர் தன் போன் நம்பரை மாற்றிவிட்டார். ஆதார், வங்கி, கேஸ், பி.எஃப். என்று ஒவ்வோர் இடமாக அலைந்து மாற்றி முடிக்க மூன்று வாரம் ஆனது. பழைய நம்பருக்கு இன்னும் அழைப்பு வந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

நேரில் வரச் சொன்னால் டெல்லிக்கு வருகிறேன். எங்களிடம் என்ன விவரம் இருக்கிறது, எது எந்த நாளில் அழிகிறது என்று திரையைத் திறந்து உங்களுக்கும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
மதுரையில் ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்தை நடத்துபவன்