தெய்வங்களை ஒரே வரிசையில் உட்காரவிடுங்கள்: பிரிட்டிஷ் அருங்காட்சியக அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அறங்காவலர் குழுவினருக்கு,

வணக்கம். ஏதென்ஸின் பழங்காலப் பார்த்தினன் கோயிலின் சிற்பங்கள் உங்களிடம் வந்து சேர்ந்த கதையை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அப்போது ஓட்டோமான் பேரரசில் பிரிட்டிஷ் தூதராக இருந்த எல்ஜின் பிரபுவின் ஆட்கள் 1801இல், அந்தக் கோயில் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றில் சாரம் கட்டிச் சிற்பங்களைக் கழற்றத் தொடங்கியது, 1816இல் உங்கள் நாடாளுமன்றம் 35,000 பவுண்டு கொடுத்து அவற்றை வாங்கியது, கிரேக்க அரசு 1983 முதல் முறைப்படி திருப்பிக் கேட்டுவருவது எல்லாம் உங்கள் கோப்புகளில் இருக்கிறது.

இப்போது என்னை எழுத வைத்தது ஒரு விருந்து. 2025 அக்டோபரில் நிதி திரட்டுவதற்காக நீங்கள் நடத்திய விழாவில் அந்தச் சிற்பங்களின் நடுவே சாப்பாட்டு மேசைகள் போடப்பட்டன. 2024 பிப்ரவரியில் அதே கூடத்தில் ஆடை அணிவகுப்பு நடந்தது. கிரேக்கப் பண்பாட்டு அமைச்சர் லினா மெண்டோனி இரண்டு முறையும் கண்டனம் தெரிவித்தார். அருங்காட்சியகம் நடத்தப் பணம் வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் ஒரு நாடு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திருப்பிக் கேட்டு நிற்கும் தெய்வ உருவங்களைச் சுற்றி உட்கார்ந்து விருந்து சாப்பிட எப்படி மனம் வந்தது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. அந்தச் சிற்பங்களை ஏதென்ஸுக்கே திருப்பி அனுப்புங்கள். இந்த மடலில் நான் கேட்பது அது ஒன்றுதான்.

சிறு வயதிலிருந்து கிரேக்கக் கதைகளைத் தமிழில் படித்து வளர்ந்தவன் நான். அதனால் சட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், அந்தக் கல்லில் இருப்பவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

பார்த்தினனின் சுவரைச் சுற்றி, மேலே, 160 மீட்டர் நீளத்துக்கு ஓடிய புடைப்புச் சிற்ப வரிசையில், ஏதென்ஸின் காவல்தேவி அதீனாவின் திருவிழா ஊர்வலம் செதுக்கப்பட்டிருந்தது. குதிரை வீரர்கள், பலிக்குக் கொண்டுபோகும் மாடுகள், குடம் சுமப்பவர்கள், பெண்கள் எல்லோரும் கிழக்கு வாசலை நோக்கி வருகிறார்கள். வாசலுக்கு மேலே, நடுவில், தேவிக்குச் சாத்த நெய்த புதிய ஆடையைக் கையில் ஏந்தியிருக்கிறார்கள். அதற்கு இருபுறமும் பன்னிரண்டு தெய்வங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தெய்வங்களின் அரசன் சியுஸுக்கு மட்டும் சிம்மாசனம், மற்றவர்களுக்கு முக்காலி போன்ற சாதாரண இருக்கை. ஹீரா முக்காட்டை விலக்கிக் கணவனைப் பார்க்கிறாள். போர்த் தெய்வம் ஏரிஸ் பொறுமையில்லாமல் முழங்காலைக் கட்டிக்கொண்டிருக்கிறான். விளைச்சலின் தேவி டெமிட்டரின் கையில், காணாமல்போன மகளைத் தேடி அலைந்த தீவட்டி. விழா பார்க்க வந்த ஒரு குடும்பம் அது. கல்லில் இவ்வளவு இயல்பாகத் தெய்வங்களை உட்கார வைத்த சிற்பிகள் எங்கும் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

ஆடைக்கு மறுபக்கம் அதீனா, தலைக்கவசம் இல்லாமல். அவள் பக்கத்தில் ஹெஃபைஸ்டஸ், கால் ஊனமுற்ற கொல்லர் தெய்வம், அக்குளில் ஊன்றுகோலோடு அவளிடம் திரும்பிப் பேசுகிறான். சியுஸின் தலையைக் கோடரியால் பிளந்து அவள் பிறக்க வழிசெய்தவன் அவன்தான் என்று கதை சொல்கிறது. அவனோடு அந்தக் கல் முடிகிறது. அவனுக்கு அடுத்த இருக்கை கடல் தெய்வம் பொசைடனுடையது. அந்த இருக்கை உங்கள் கூடத்தில் இல்லை. பொசைடன், அப்பல்லோ, ஆர்ட்டெமிஸ் மூவரும் அடுத்த கல்லில் இருக்கிறார்கள், அந்தக் கல் ஏதென்ஸில் இருக்கிறது. ஹெர்மிஸிலிருந்து ஹெஃபைஸ்டஸ் வரை எட்டுப் பேர் லண்டனில். ஒரே வரிசையில், தோளோடு தோள் உட்கார்ந்தவர்களை நடுவில் பிரித்து, இடையே ஒரு கண்டத்தின் அகலத்தை வைத்திருக்கிறீர்கள்.

இந்த ஒன்று மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. மேற்கு முகப்புச் சிற்பத்தில் அதீனாவும் பொசைடனும் ஏதென்ஸ் நகருக்காகப் போட்டியிட்டார்கள். அவன் சூலத்தால் குத்தி உப்புநீர் ஊற்றெடுக்கச் செய்தான், அவள் ஒலிவ மரம் தந்து வென்றாள். அந்தப் பொசைடனின் உடம்பே இப்போது இரண்டாகி, ஒரு துண்டு ஏதென்ஸிலும் ஒரு துண்டு உங்களிடமும் கிடக்கிறது. கிழக்கு முகப்பில் இருந்த நிலவின் தேவி செலீனியின் உடல் ஏதென்ஸில். அவள் தேரை இரவெல்லாம் இழுத்துக் களைத்த குதிரையின் தலை உங்களிடம். 1687இல் வெனிஸ் படையின் குண்டு விழுந்து கோயில் வெடித்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை. அந்த வெடிப்பில் தப்பியவற்றை அறுத்துப் பிரித்ததற்கும், பிரித்தே வைத்திருப்பதற்கும் யார் பொறுப்பு?

மற்றவர்கள் வழி காட்டிவிட்டார்கள். சிசிலியின் பலெர்மோ அருங்காட்சியகத்தில் ஒரு தெய்வத்தின் பாதம் மட்டும் இருந்தது. நான் சொன்ன அதே வரிசையில் உள்ள ஆர்ட்டெமிஸின் பாதம் என்று கருதப்படுவது அது. அதை 2022இல் ஏதென்ஸுக்கே நிரந்தரமாகக் கொடுத்தார்கள். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் 2006இலும், வாத்திகன் 2023இலும் தங்களிடமிருந்த துண்டுகளைக் கொடுத்தன. இதனால் எந்த அருங்காட்சியகமும் காலியாகிவிடவில்லை. உங்களிடமிருக்கும் எல்லாவற்றையும் யாரும் கேட்கவில்லை. ஒரே கோயிலுக்காக, ஒரே காலத்தில், ஒரே படைப்பாகச் செதுக்கப்பட்டு இன்றும் நிற்கும் கட்டடத்தின் பாகங்களைத்தான் கேட்கிறார்கள்.

அருங்காட்சியகப் பொருள்களை நீங்கள் கொடுத்துவிடுவதைத் தடுக்கும் 1963ஆம் ஆண்டுச் சட்டம் கையைக் கட்டிப்போடுகிறது என்பீர்கள். நாஜிகள் காலத்தில் பறிக்கப்பட்ட கலைப்பொருள்களைத் திருப்பிக் கொடுக்க அதே நாடாளுமன்றம் 2009இல் புதுச் சட்டம் இயற்றியது. மனம் இருந்த இடத்தில் சட்டம் வழிவிட்டது. பாதுகாப்பைப் பற்றிப் பேசுவீர்கள். 1930களில் வெள்ளையாக்குவதற்காகச் செம்புக் கருவிகளால் இந்தச் சிற்பங்களின் மேற்பரப்பு சுரண்டப்பட்டது உங்கள் அருங்காட்சியகத்துக்குள்தான். சுமார் 2,000 பொருள்கள் காணாமலோ திருடப்பட்டோ சேதமடைந்தோ போனதாக 2023இல் வெளியே வந்ததும் உங்களிடமிருந்துதான். 2009இல் ஏதென்ஸில் திறந்த அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தின் மேல்தளம் பார்த்தினனின் அளவிலேயே, அது நிற்கும் திசையிலேயே கட்டப்பட்டிருக்கிறது. கண்ணாடிச் சுவர் வழியே கோயில் தெரிகிறது. உங்களிடம் இருப்பவற்றுக்குப் பதிலாக அங்கே வெள்ளைச் சுதை வார்ப்புகளை வைத்திருக்கிறார்கள். இடம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

இதில் ஒரு தமிழனுக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். தஞ்சை மண்ணின் பத்தூரில், இடிந்த கோயிலிலிருந்து எடுத்துக் கடத்தப்பட்ட நடராஜரை லண்டன் காவல்துறை கைப்பற்றியபோது, அவரை விலைக்கு வாங்கியிருந்த கனடா நிறுவனம் உங்கள் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்குத் தொடர அந்தக் கோயிலுக்கே உரிமை உண்டு என்று உங்கள் நீதிபதிகள் ஏற்றார்கள். 1991இல் நடராஜர் ஊர் திரும்பினார். கோயிலிலிருந்து பிரிக்கப்பட்ட தெய்வத்துக்குத் திரும்பிப் போக ஓர் இடம் உண்டு என்பதை உங்கள் நாட்டு நீதியே எங்களுக்கு உறுதி செய்தது. அதே நியாயத்தை அதீனாவுக்கும் கேட்கிறேன். சியுஸையும் டெமிட்டரையும் இன்று யாரும் கும்பிடவில்லை என்று பதில் வரலாம். கும்பிட ஆள் இல்லாத தெய்வத்தின் வீட்டைப் பிரித்துக்கொள்ளலாம் என்று எந்த நீதி சொல்கிறது?

இரவலாகத் தருகிறோம், பண்பாட்டுக் கூட்டுறவு செய்துகொள்வோம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. தன் கோயிலின் கல்லை இன்னொருவர் உடைமை என்று ஒப்புக்கொண்டு கிரேக்கம் இரவல் வாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மரியாதையான பேச்சு அல்ல. திருப்பித் தாருங்கள். ஒரேயடியாக முடியாதென்றால், கிழக்கு வாசலின் எட்டுத் தெய்வங்கள் இருக்கும் கற்களிலிருந்து தொடங்குங்கள்.

கடுமையாக எழுதிவிட்டேன் என்று தோன்றினால் அது அந்தச் சிற்பங்களின் மேலுள்ள அன்பால் வந்தது. தயவுசெய்து உங்கள் அடுத்த கூட்டத்தில், 1963ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துமாறு நாடாளுமன்றத்தைக் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். அது நிறைவேறும் வரையாவது அந்தக் கூடத்தில் விருந்தோ அணிவகுப்போ நடத்த வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கிரேக்கக் கதைகளின் தமிழ் வாசகன்