ராகம் தெரியாத அத்தைக்கு

அன்புள்ள அத்தை,

இங்கே எல்லாரும் நலம். நீங்கள் இணையத்தில் எதுவும் படிக்க மாட்டீர்கள் என்று தெரியும். சாயங்காலம் தையல் மிஷினை மூடி வைத்தபிறகு பேத்தியை விட்டு இதை வாசிக்கச் சொல்லுங்கள். நாலு பேர் பார்க்கும் இடத்தில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. உங்களுக்கு நேர்ந்த அந்தச் சங்கடமும் நாலு பேர் முன்னால்தானே நடந்தது.

போன மார்கழியில் புதுச்சேரிக்கு வந்திருந்தீர்கள். கச்சேரிக்குக் கூட்டிப்போனேன். கடைசியில் துக்கடாவாக, அதாவது சின்னப் பாட்டாக, ‘துன்பம் நேர்கையில்’ பாடினார்கள். நீங்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். பக்கத்து நாற்காலிக்காரர் குனிந்து, “அம்மா, இது என்ன ராகம்னு தெரியுமா?” என்று கேட்டார். நீங்கள் தெரியாது என்று தலையை ஆட்டினீர்கள். “தேஷ்” என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கடலூர் பஸ்ஸில் அரியாங்குப்பம் வரைக்கும் நீங்கள் வாயே திறக்கவில்லை. அப்புறம், “எனக்கு எதுக்குடா கச்சேரி? தெரிஞ்சவங்க கேக்கட்டும்” என்றீர்கள். இந்த வருஷம் கூப்பிட்டபோதும் அதையேதான் சொன்னீர்கள்.

அன்றைக்கு வராத பதில் இப்போது வந்திருக்கிறது அத்தை.

உங்களுக்கு உயிரான பாட்டு எது என்று யார் கேட்டாலும் இரண்டைத்தான் சொல்வீர்கள். ஒன்று இந்தத் ‘துன்பம் நேர்கையில்’. இன்னொன்று, உங்கள் கடலூர் பாடலீஸ்வரர் கோயிலில் பிரதோஷத்துக்கு ஓதுவார் பாடும் ‘சொற்றுணை வேதியன்’. அது தொடங்கியதும் கூட்டத்தை விட்டு விலகித் தூண் ஓரமாகப் போய் நின்றுகொள்வீர்களே, அந்தப் பதிகம். அதன் பண், அதாவது தேவாரத்துப் பழைய ராகம், காந்தார பஞ்சமம். கச்சேரிக்காரர்கள் கேதாரகௌளை என்பார்கள்.

போன வாரம் பாப்பாவின் கீபோர்டில் இரண்டையும் தட்டிப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. மேலே ஏறும்போது இரண்டுக்கும் ஒரே வழி: ச ரி ம ப நி ச. காந்தாரமும் (க) தைவதமும் (த) கிடையாது. இறங்கும்போது ஏழு சுரமும் வரும். வித்தியாசம் முக்கியமாக ஏறுகிற நிஷாதத்தில், அதாவது ‘நி’யில்தான். தேஷில் அது மேல் ஷட்ஜத்தை (ச) ஒட்டி நிற்கும். கேதாரகௌளையில் ஒரு கட்டை கீழே. கீபோர்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டை, அவ்வளவுதான். நடையும், சுரத்தை அசைத்துப் பாடும் கமகமும் வேறு என்பது உண்மை. ஆனாலும் இரண்டையும் 28ஆவது மேளமான, அதாவது தாய் ராகமான, ஹரிகாம்போஜியின் பிள்ளைகள் என்றுதான் சொல்வார்கள். பெயர் ஒன்றுகூடத் தெரியாமல், ஆயிரம் பாட்டுக்கு நடுவே ஒரே வீட்டு அக்கா தங்கையைப் பொறுக்கி வைத்திருக்கிறீர்கள். பக்கத்து நாற்காலிக்காரருக்கு அந்தக் காது இருக்கிறதா, தெரியாது. பெயர் இருக்கிறது.

இதில் இன்னொரு ஒட்டும் உண்டு. பாட்டு பாரதிதாசனுடையது, எங்கள் ஊர்க்காரர். பெருமாள் கோயில் தெருவில் அவர் வீடு இப்போது அருங்காட்சியகம், தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். அந்தப் பாட்டைத் தேஷில் பாடிப் பரப்பியவர் எம்.எம். தண்டபாணி தேசிகர். ஓதுவார் குடும்பத்தில் பிறந்து, தேவாரம் பாடிப் பழகிய தொண்டை. பிற்பாடு உங்கள் மாவட்டத்துச் சிதம்பரத்திலேயே, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை சொல்லிக்கொடுத்தார். உங்களை அழவைக்கிற குரல் இரண்டு பாட்டிலும் ஒரே பக்கத்திலிருந்து வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம்தான், பண்டிதர்கள் அடிக்க வரலாம்.

அதற்காக, ராகம்தான் அழவைக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். ‘வந்தே மாதரம்’ வானொலியில் தேஷில்தான் வரும், அதைக் கேட்டு யார் அழுகிறார்கள்? அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள், அவர் அந்தப் பதிகத்தைப் பாடினார், கல் மிதந்தது என்பது புராணம். அவர் கரையேறியதாகச் சொல்லும் கரையேறவிட்டகுப்பம் உங்கள் வீட்டிலிருந்து ஆட்டோ தூரம். மற்றப் பாட்டிலோ, துன்பம் வரும்போது நீ யாழெடுத்து வாசிக்க மாட்டாயா என்று ஒருவன் கேட்கிறான். அவன் கேட்பதே பாட்டைத்தான். மாமா தவறிப்போன அந்த வருஷம் முழுக்க நீங்கள் டேப்பில் போட்டுத் தேய்த்தது எந்தப் பாட்டு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அந்த பஸ்ஸுக்கு வருகிறேன். கிருமாம்பாக்கம் தாண்டும்போது உங்களைச் சமாதானப்படுத்த என் இயர்போனில் ஒன்றை உங்கள் காதில் வைத்தேன், நினைவிருக்கிறதா? நான் ராத்திரியில் கேட்பது. பாக் என்ற ஜெர்மன்காரர் 1720 வாக்கில் செல்லோவுக்கு (பெரிய வயலின் மாதிரி ஒரு வாத்தியம்) எழுதிய ஆறு தொகுப்புகளில் முதலாவதின் தொடக்கம். பக்கவாத்தியம் கிடையாது, ஒரே ஒரு செல்லோ. இரண்டரை நிமிஷம் இருக்கும். நீங்கள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டுவிட்டு, “மிஷின் ஓட்டுற மாதிரியே இருக்கேடா. அடியில ஒரு நூல் ஓடிக்கிட்டே இருக்கு. நடுவுல ஒரு தடவைதான் காலை எடுத்தான்” என்றீர்கள்.

நான் சிரித்துவிட்டேன். மன்னிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து அச்சுப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். தொடக்கத்தில் நாலு பார் (நம் தாள ஆவர்த்தனம் மாதிரி ஒரு கட்டம்) முழுக்க அடியில் ஒரே சுரம், நம் ஊர் ஆதார சுருதி மாதிரி. மொத்தம் 42 பார். ஏறக்குறைய நடுவில், 22ஆவது பாரில், ஒரு சுரத்தின் தலைமேல் நிறுத்தக் குறி. நீங்கள் சொன்ன இடம் அதுதான். முப்பது வருஷமாக ரவிக்கை தைக்கிற கால், அத்தை. நூல் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாதா!

இந்தத் தொகுப்பை ரொம்ப காலம் வெறும் பயிற்சிப் பாடம் என்றுதான் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1890இல் பாப்லோ காசல்ஸ் என்ற 13 வயதுப் பையன், அப்பாவோடு பார்சிலோனாவில் ஒரு பழைய கடையில் துழாவும்போது இதன் அச்சுப் பிரதி ஒன்று கையில் கிடைத்தது. அதை வெளியில் வாசிக்கவே 12 வருஷம் வீட்டில் பழகினாராம். 1936க்கும் 1939க்கும் நடுவில் ஆறையும் இசைத்தட்டில் பதிந்தார். இன்றைக்கு உலகமே கேட்கிறது. அந்தக் கடையில் யாரும் அவரை நிறுத்தி இது என்ன ஸ்கேல் என்று கேட்கவில்லை போலிருக்கிறது.

மார்கழிக்கு இரண்டு பாஸ் வாங்கிவிட்டேன். ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு வந்து கூப்பிடுகிறேன், கிளம்பி இருங்கள். யாராவது ராகம் கேட்டால் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்: “பாடலீஸ்வரர் கோயில் பாட்டுக்குத் தங்கச்சி” என்று. என் நீலச் சட்டையின் காலரை முடித்துவிட்டீர்களா? அன்றைக்கு அதைத்தான் போட்டுக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

உங்கள் அண்ணன் மகன்