உத்தரவு கடலூரில், சம்பளம் புதுச்சேரியில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உழைக்க மனமில்லாத பெண்களுக்கு ஜீவனாம்சச் சட்டம் வசதியாகிவிட்டது என்று உங்கள் இதழில் சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். கடலூர் மாவட்டத்தில் நீதிமன்ற ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஜீவனாம்ச மனுக் கட்டுகளை என் கையாலேயே பிரித்து, அடுக்கி, நீதிபதி முன் வைத்திருக்கிறேன். அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

அந்த மனுக்களோடு வந்த பெண்கள் யார்? பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைத்துத் தோல் வெந்துபோன விரல்களோடு வந்தவர்கள். விடியலில் துறைமுகத்தில் மீன் எடுத்து விற்றுவிட்டு, கூடையை வெளியே வைத்துவிட்டு வாய்தாவுக்கு நின்றவர்கள். ஜவுளிக்கடையில் அரை நாள் விடுப்புக் கேட்டு, அந்தச் சம்பளத்தையும் இழந்தவர்கள். உழைக்காத பெண் ஒருத்தியை நினைவுபடுத்திப் பார்க்கிறேன். ஒரு முகமும் வரவில்லை. பிள்ளை இருவருடையது, அதன் சோற்றுக்கும் பள்ளிக்கும் தகப்பனும் கொடுக்கட்டும் என்றுதான் அவர்கள் கேட்டார்கள்.

ஜீவனாம்சம் கேட்க வழி செய்த பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 144ஆம் பிரிவாக இருக்கிறது. எண் மாறியதே தவிர உரிமை மாறவில்லை. மனைவி, மறுமணம் செய்யாத விவாகரத்தான மனைவி, திருமணத்துக்குள் பிறந்த பிள்ளை, வெளியே பிறந்த பிள்ளை, வயதான தாய் தகப்பன் என எல்லோரும் இதில் வருகிறார்கள். ஒரு காலத்தில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் உத்தரவிடவே முடியாது. அந்த வரம்பை 2001இல்தான் நீக்கினார்கள். இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்புப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து கூடுமானவரை 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பதும் அப்போது வந்ததே. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும், மனுப் போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கிறது. பிறகு எங்கே இடறுகிறது? ஆல்பேட்டையில் இடறுகிறது. கடலூரிலிருந்து பஸ் ஏறி ஆல்பேட்டையைத் தாண்டினால் சற்று நேரத்தில் முள்ளோடை, அதற்கப்பால் புதுச்சேரி. நம் ஊர் ஆண்கள் பலருக்கு அங்கேதான் வேலை. மனைவியை விட்டுப் போகிறவர் அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டால், இங்கிருந்து போகும் சம்மன் "விலாசத்தில் இல்லை" என்று திரும்பி வருகிறது. வாரண்ட் போட்டால், அது வேறு மாநிலம் என்கிறார்கள். அதே ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியில் புதுச்சேரியிலிருந்து வரும் ஒற்றை மதுப்பாட்டிலைக்கூடப் பையைத் துழாவிப் பிடித்துவிடுகிறார்கள். பிள்ளைக்குப் பால் வாங்கக் காசு தராதவரைப் பிடிக்க மட்டும் எல்லை குறுக்கே நிற்கிறது என்றால் நான் எப்படி ஏற்றுக்கொள்வேன்?

உண்மையில் அந்த எல்லை சட்டத்தில் இல்லை. மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். கணவர் வேண்டுமென்றே சம்மனைத் தவிர்த்தால், அவர் இல்லாமலே விசாரித்து உத்தரவிடலாம். அந்த உத்தரவை அவர் எங்கே இருக்கிறாரோ அங்குள்ள நீதிமன்றமே நிறைவேற்றலாம். உத்தரவின் நகலை மனுதாரருக்குக் கட்டணமில்லாமல் தர வேண்டும் என்றும் சட்டமே சொல்கிறது. கடலூர் உத்தரவைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு பெண் புதுச்சேரி நீதிமன்றத்தில் நிறைவேற்று மனுப் போடலாம். இதை அவளுக்கு யாரும் சொல்வதில்லை.

இதைவிட என் மனதை அறுப்பது ஓராண்டுக் கெடு. ஒவ்வொரு மாதத் தொகையும் நிலுவையாகும் நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனுப் போட்டால்தான் அந்தத் தொகைக்கு வாரண்ட் பிறப்பிக்க முடியும். நான் பணியில் இருந்தபோது ஒரு பெண் வந்தார். உத்தரவு வாங்கி மூன்றாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. "எப்படியும் தருவார், அவசரப்பட்டால் கோபித்துக்கொள்வார்" என்று மாமியார் வீட்டார் சொன்னதை நம்பிக் காத்திருந்திருக்கிறார். கடைசி ஓராண்டு நிலுவைக்கு மட்டும் வாரண்ட் கிடைத்தது. மீதித் தொகைக்கான உரிமை அதனால் அழிந்துவிடாது என்று தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்குச் சிவில் வழி, இன்னொரு வக்கீல், இன்னும் சில ஆண்டுகள். மீன்கூடை சுமக்கிறவளுக்கு அந்த வழி எவ்வளவு தூரம்! "ஒரு மாதம் ஜெயிலுக்குப் போய் வந்தேன், கணக்குத் தீர்ந்தது" என்று சொல்லும் ஆண்களையும் பார்த்திருக்கிறேன். தீராது. சிறை, பணத்தைக் கொடுக்க வைப்பதற்கான வழி. உள்ளே இருந்து வந்தாலும் பாக்கி பாக்கிதான்.

ஊர்ப் பஞ்சாயத்தில் எழுதி வாங்கும் காகிதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அழுதுகொண்டு நிற்கிறவள் படித்துப் பார்த்தா போடுகிறாள்? பரஸ்பர சம்மதத்தில் பிரிந்து வாழும் மனைவி இந்தப் பிரிவின்கீழ் ஜீவனாம்சம் கேட்க முடியாது என்பதால், அந்தக் காகிதத்தையே பிறகு நீதிமன்றத்தில் நீட்டுகிறார்கள். தாய்மார்களே, தயவுசெய்து போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தாலும் பிள்ளைக்கான தொகையைக் கேளுங்கள். பிள்ளையின் உரிமையை எழுதிக் கொடுக்கத் தாய்க்கும் அதிகாரமில்லை.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம், 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். அந்த ஆணைக்குழுவுக்கு என் வேண்டுகோள்: வழக்கு நடத்திக் கொடுப்பதோடு நிற்காமல், உத்தரவு பெற்ற ஒவ்வொரு பெண்ணையும் ஆண்டு முடிவதற்குள் அழைத்து, பணம் வருகிறதா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் அன்றே வசூல் மனுவை எழுதிக் கொடுங்கள். கடலூர், புதுச்சேரி காவல் துறைகள் ஜீவனாம்ச வாரண்டுகளுக்கென்று இரு பக்கமும் ஓர் அதிகாரியை நியமிக்கட்டும். ஒரு தொலைபேசி அழைப்பில் முடிய வேண்டிய வேலை மாதக்கணக்கில் கிடக்கிறது.

ஆசிரியர் அவர்களே, அந்த ஓராண்டுக் கெடுவை மட்டுமாவது உங்கள் கடலூர், புதுச்சேரிப் பதிப்புகளில் பெரிய எழுத்தில் வெளியிடுங்கள். இந்த மாதம் கெடு முடியப்போகிற பெண் ஒருத்தி அதைப் படிக்கக்கூடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.