அல்காந்தாரா பாலம் பற்றிச் சண்முகத்துக்கு

அன்புள்ள சண்முகம்,

இங்கே அனைவரும் நலம். உன் முழங்கால் எப்படியிருக்கிறது என்று எழுது. இயன்முறை மருத்துவரிடம் ஒழுங்காகப் போகிறாயா என்பதையும் மறைக்காமல் எழுது. வீட்டுச் செய்திகளை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். மகனைப் பார்க்க மாட்ரிட் போயிருந்தபோது அல்காந்தாரா பாலத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே இங்கே எல்லோருக்கும் கொட்டாவி வந்துவிடுகிறது. நீதான் அகப்பட்டாய்.

காசெரெஸ் நகரிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான தொலைவு. போர்ச்சுகல் எல்லை அங்கிருந்து பக்கம்தான். ஊரைத் தாண்டிச் சரிவில் இறங்கியதும் தாஹோ ஆற்றின் குறுக்கே ஆறு வளைவுகளோடு கருங்கல் பாலம் நிற்கிறது. ரோமப் பேரரசர் டிராஜனின் காலத்தில், கி.பி. 104 முதல் 106 வரை கட்டியது. நீளம் ஏறக்குறைய 190 மீட்டர், நடுவிலுள்ள இரண்டு பெரிய வளைவுகளின் அகலம் ஒவ்வொன்றும் 28 மீட்டர் அளவில். கட்டியவர் பெயர் காயுஸ் யூலியுஸ் லாசெர். பாலத்தின் ஒரு முனையில் இருக்கும் சிறு கோயிலில், உலகம் உள்ளவரை நிலைத்து நிற்கும் பாலத்தைக் கட்டினேன் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். நூறு ஆண்டு ஆயுள் என்று வடிவமைப்புக் குறிப்பில் எழுதுவதற்கே நம் தலைமைப் பொறியாளர் எப்படித் தயங்குவார் என்பது நினைவிருக்கிறதா?

பாலத்தின் நடுவே ஒரு வெற்றி வளைவு இருக்கிறது. பேரரசரின் பெயர் அதில் பெரிதாக இருந்தாலும், செலவை ஏற்றுக்கொண்டவை லூசித்தானியா மாகாணத்து ஊர்கள். அவற்றின் பெயர்களையும் வரிசையாகக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கோயில் குழல் விளக்கில் உபயதாரர் பெயரை எழுதி, வெளிச்சத்தைப் பாதியாக்கும் நம் ஊர் வழக்கத்துக்கு 1,900 ஆண்டுக்கு முந்தைய முன்னோடி என்று சொல்லலாம்.

இவ்வளவு உயரம் எதற்கு என்பதுதான் எனக்கு முதலில் எழுந்த கேள்வி. கோடையில் சாதுவாக ஓடும் ஆறு அந்தக் குறுகிய பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்தால் பக்கவாட்டில் பரவ வழியில்லாமல் மேல்நோக்கித்தான் ஏறும். அதனால் சாலையை ஆற்றிலிருந்து நாற்பது மீட்டருக்கும் மேலே கொண்டுபோய்விட்டார் லாசெர். கற்களைச் சாந்தில்லாமல் ஒன்றோடொன்று பொருத்தியிருக்கிறார்கள். ஒரு தூணின் அருகே போய் இணைப்பில் விரலை வைத்துப் பார்த்தேன்: கல்லின் முகம் கொத்தாமல் விட்டதுபோல முரடாகப் புடைத்திருக்கிறது, விளிம்பு மட்டும் துல்லியமாகச் சீவப்பட்டிருக்கிறது, நகம் நுழையக்கூட இடமில்லை. கற்கள் ஒன்றையொன்று நெருக்கும் அழுத்தத்திலேயே வளைவு முழுவதும் நிற்கிறது. துருப்பிடிக்க உள்ளே கம்பி கிடையாது. நானும் நீயும் பணிக்காலத்தில் பாதியைக் கம்பியின் துருவோடு மல்லுக்கட்டியே கழித்தவர்கள் அல்லவா, எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. இத்தனை நூற்றாண்டு வெள்ளத்துக்குத் தாக்குப்பிடித்த அந்தப் பாலத்தை மனிதர்கள்தான் மீண்டும் மீண்டும் உடைத்திருக்கிறார்கள். 1214-இல் ஒரு வளைவு போரில் தகர்க்கப்பட்டது. அது 16-ஆம் நூற்றாண்டில் ஐந்தாம் சார்லஸ் காலத்தில்தான் சரிசெய்யப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரைத் தடுக்க ஸ்பானியர்களே ஒரு வளைவை இடித்தார்கள். 1809-இல் பிரெஞ்சுப் படை கடந்துவிடக் கூடாதென்று ஆங்கிலேய அதிகாரி மெய்ன் வெடி வைத்தார். பிறகு 1836-இல் ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் இன்னொரு சேதம். 1860-இல்தான் முழுமையாகப் பழுதுபார்த்தார்கள்.

இதையெல்லாம் படித்துக்கொண்டு அங்கே நின்றபோது, எந்த இடத்தில் வெடி வைத்தால் பக்கத்து வளைவு விழாமல் ஒன்று மட்டும் விழும் என்று என் மூளை தானாகவே கணக்குப் போடத் தொடங்கிவிட்டது. அது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை, சண்முகம். உடைப்பதற்கும் நம் படிப்பேதான் தேவைப்படுகிறது. மெய்ன் மேல் கோபப்படவும் என்னால் முடியவில்லை. அவர் எதிரியைத் தடுத்தாக வேண்டியிருந்தது, அதற்கு அந்த ஒரு பாலம்தான் இருந்தது.

கோபம் ஆறியதற்கு இன்னொரு காரணம், 1812-இல் அதே இடைவெளியில் அதே தரப்பைச் சேர்ந்த ஸ்டர்ஜன் என்ற அதிகாரி செய்த வேலை. ஏறக்குறைய 30 மீட்டர் வெற்றிடம். மரமும் கல்லும் கொண்டு அடைக்க நேரமில்லை. தடித்த கயிறுகளை இழுத்துக் கட்டி, குறுக்கே கயிறு பின்னி, மேலே பலகை விரித்து, பீரங்கி வண்டிகளே கடக்கும்படி ஒரு தொங்குபாலம் அமைத்துவிட்டார். எதிரி நெருங்கினால் சுருட்டி எடுத்துக்கொள்ளவும் வசதி. லாசெரைவிட இவர் எனக்கு நெருக்கமானவராகத் தோன்றுகிறார்; மறுநாளைக்குள் போக்குவரத்து வேண்டும் என்று உத்தரவிட்டவர்களிடம் நாமும் வேலை பார்த்திருக்கிறோம்.

ஒரு குறை மட்டும் உண்டு. ஆற்றின் போக்கில் பாலத்துக்குச் சற்று மேலே, 1969-இல் முடிந்த பிரம்மாண்டமான அணை நிற்கிறது. எந்தப் பக்கம் நின்று படம் எடுத்தாலும் அணையோ மின்கம்பியோ வந்து நுழைகிறது. அதைத் திட்டத்தான் நினைத்தேன், ஆனால் அந்த அணையால் ஆற்றுப்படுகை வற்றியபோதுதான் தூண்களின் அடிப்பகுதியைச் சரிசெய்ய முடிந்ததாம். அணைக்கட்டுக்காரனான நீ இந்த வரியைப் பலமுறை படித்து மகிழ்வாய் என்று தெரியும், படித்துக்கொள்.

படங்களை மகன் அனுப்பி வைப்பான். கால் நீட்டிச் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய். ஸ்டர்ஜனின் கயிற்றில் ஒரு பீரங்கி நடுவே வரும்போது தொய்வு எவ்வளவு இருந்திருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டு எழுது. கயிற்றின் விட்டத்தை நீயே அனுமானித்துக்கொள், ஆனால் என்ன அனுமானித்தாய் என்பதை மறக்காமல் குறிப்பிடு.

அன்புடன்,
ராகவன்