கராஜில் கிடந்த உன் பூட்ஸ்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். காவடி முடிந்து வீடு இப்போதுதான் பழைய நிலைக்கு வந்திருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி. அதோடு கோயிலில் நாள் முழுக்க நின்றார், சொன்னால் கேட்கிறவரா அவர்? சரி, விஷயத்துக்கு வருகிறேன். கராஜில் இருக்கும் உன் பழைய ஸ்னோபோர்டு பூட்ஸை, பனிமலையில் பலகைமேல் நின்று சறுக்கப் போடும் அந்தக் கெட்டி பிளாஸ்டிக் ஓடு வைத்த பூட்ஸை, மாமாவிடம் கொடுத்தனுப்பச் சொன்னாயே, அதை நான் அனுப்பப் போவதில்லை. கோபப்படாமல் கடைசிவரை படி.

பெட்டியை முற்றத்துக்கு எடுத்து வந்து வெயில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். மேலுக்கு ஒரு குறையும் இல்லை. லெசோத்தோவுக்கு, அந்த ஆஃப்ரிஸ்கி பனிச்சறுக்குத் தளத்துக்கு நண்பர்களோடு போன சில ஜூலை மாதங்களில்தானே அதைக் காலில் மாட்டினாய். அதனால்தான் "புதுசு மாதிரி இருக்கும்மா" என்கிறாய். குதிகால் கட்டையைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். நல்ல பிளாஸ்டிக் என்றால் நகம் வழுக்கும். இதில் நகம் பதிந்தது, எடுத்தபோது நகத்தோடு மாவு மாதிரி கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே இருக்கும் நுரை உறையை, அந்த லைனரை, உருவிவிட்டுக் கைவிட்டால் ஒரு பிசுபிசுப்பு. கணுக்கால் பக்கம் மேல்பாகமும் கீழ்பாகமும் சேரும் திருகு இருக்கிறதே, அங்கிருந்து மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு கீழே இறங்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டார்ச்சை உள்ளே வைத்து அடித்தபோதுதான் கண்ணில் பட்டது.

அடித்தட்டில் இன்னொன்றும் பார்த்தேன். ஒரு சின்ன வட்டம், சுற்றிலும் 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் ஓர் அம்பு, அம்புக்கு இரண்டு பக்கமும் ஆண்டின் கடைசி இரண்டு எண்கள். அச்சில் வார்த்த மாதமும் ஆண்டும் அது. எல்லா பூட்ஸிலும் இருக்காது. இருந்தால் அதைவிட நம்பகமான சாட்சி கிடையாது. விற்கிறவன் என்ன கதை சொன்னாலும் அச்சு சொல்வதுதான் வயது. நீ இரண்டாம் கையாக வாங்கும்போதே அது பழைய பூட்ஸ்தான் கண்ணா, உன்னிடம் சொல்லாமல் விற்றிருக்கிறார்கள்.

இதெல்லாம் அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று சிரிக்காதே. டர்பனை அடுத்த மேரிட்ஸ்பர்க்கில் ஷூ ஃபேக்டரியில் செக்கராக இருந்தவள் நான். 1990களில் இறக்குமதி வரியைக் குறைத்த பிறகு வெளிநாட்டு ஷூ வந்து குவிந்து, ஃபேக்டரி ஒவ்வொன்றாக மூடுகிறவரை என் கை வழியாகப் போன ஷூ அடிப்பாகங்களுக்குக் கணக்கே கிடையாது. கடைகளிலிருந்து திரும்பி வரும் ஷூக்களில் ஒரு வகை உண்டு. யாரும் போட்டிருக்க மாட்டார்கள், பெட்டியும் புதிது, மேல்தோலும் பளபளக்கும், அடி மட்டும் உதிர்ந்துபோயிருக்கும். வாங்கினவர் ஃபேக்டரியைத் திட்டுவார். கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று அலமாரியில் வைத்துவிட்டு, வருஷங்கள் கழித்து எடுத்திருப்பார்.

அந்த அடி பாலியூரித்தேன். உன் பூட்ஸின் ஓடும் பெரும்பாலும் அந்தக் குடும்பத்துப் பிளாஸ்டிக்தான். அதில் எஸ்டர் வகை, ஈதர் வகை என்று இரண்டு உண்டு. எஸ்டர் வகை உரசலை நன்றாகத் தாங்கும், ஆனால் காற்றிலிருக்கும் ஈரம் மெல்ல உள்ளே புகுந்து அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டிக்கொண்டே இருக்கும். சூடு கூடினால் வேகமும் கூடும். ஈதர் வகை ஈரத்தைத் தாங்கும். டர்பன் கோடைக் காற்றைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? டிசம்பரில் உப்பு ஜாடியில் உப்பே நிற்பதில்லை. தகரக் கூரை கராஜில், காரின் சூட்டுக்குப் பக்கத்தில் இத்தனை வருஷம் இருந்த பூட்ஸ் அது. உன் காலில் தேய்ந்தது கொஞ்சம், பெட்டிக்குள் இருந்து கெட்டதுதான் அதிகம்.

ஸ்கீ பூட்ஸாக இருந்தாலும் இதையேதான் சொல்லுவேன், ஆனால் உன் விளையாட்டில் ஆபத்து இன்னும் கூட. நீதானே சொன்னாய், ஸ்கீயில் விழுந்தால் பூட்ஸைக் கவ்விப் பிடிக்கும் பைண்டிங் தானாகக் கழன்றுவிடும், ஸ்னோபோர்டில் கழலாது என்று. ஓடு உடைந்து ஒரு கால் விடுபட்டு, இன்னொரு கால் பலகையோடு மாட்டிக்கொண்டால் அந்த முழங்கால் என்ன ஆகும்? நீ அனுப்பிய வீடியோவில், 2018 பியோங்சாங்கில் ஸ்கீயிலும் ஸ்னோபோர்டிலும் தங்கம் வாங்கிய அந்த செக் நாட்டுப் பெண் எஸ்டர் லெடெட்ஸ்கா, பலகையை விளிம்பில் நிறுத்தி எப்படிச் சாய்கிறாள் பார். அத்தனை பாரமும் பூட்ஸ் வழியாகத்தான் இறங்குகிறது. ஓடு இல்லாத மென்மையான பூட்ஸ் கிழிந்தால் முன்கூட்டியே தெரியும். பழுதான ஓடு அப்படியில்லை, ஒரு நாள் படாரென்று விடும்.

இப்போது நீ போடும் ஜோடிக்கு வருகிறேன். கால் தளர்கிறது, பக்கிளை எவ்வளவு இறுக்கியும் போதவில்லை, ஒன்று பிய்ந்தும் போய்விட்டது என்று எழுதியிருந்தாய். புது பூட்ஸ் வாங்கப் பார்க்காதே. யூரோ விலையை ராண்டில் பெருக்கிப் பார்த்த அப்பா இரண்டு நாள் பேசவேயில்லை. நோய் பக்கிளில் இல்லை, லைனரில் இருக்கிறது. அந்த நுரை அமுங்கி அமுங்கி மெலிந்துபோகும். கால் ஆட ஆரம்பித்ததும் நீ பக்கிளை இன்னும் ஒரு பல் இறுக்குவாய், அப்புறம் இன்னும் ஒன்று. ஓடு அதன் வடிவத்தை மீறி வளையும். அந்த இழுப்பெல்லாம் பக்கிளைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணியின் ஓட்டையில்தான் போய் நிற்கும், வெடிப்பும் அங்கேதான் பிறக்கும். அதனால் முதலில் லைனரை மாற்று, காலுக்கேற்றபடி கடையிலேயே சூடுபடுத்தி வடித்துக் கொடுப்பார்கள். பக்கிள், குதிகால் கட்டை, முன்விளிம்பு, சாய்வை மாற்றும் ஸ்பிரிங், உன் பூட்ஸின் குதிகாலில் இருக்கும் பின்களை இழுக்கும் அந்தக் கம்பி, எல்லாம் பெரும்பாலும் தனித்தனியாக மாற்றக்கூடியவை. கம்பி நார் நாராகப் பிரிய ஆரம்பித்தால் அன்றைக்கே மாற்றிவிடு, மலைமேல் அறுந்தால் பூட்ஸைப் பலகையிலிருந்து கழற்றத் திண்டாட வேண்டும்.

தார் ரோட்டில் அதைப் போட்டு நடக்கிறாயாமே, உன் அறைத்தோழன் மாமாவிடம் சொல்லிவிட்டான். பைண்டிங் கவ்விப் பிடிப்பதே அந்த முன்விளிம்பையும் குதிகாலையும்தான். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் நீ எப்படிச் சரிசெய்தாலும் ஆட்டம் நிற்காது. பஸ் நிறுத்தம் வரை சாதாரண ஷூவில் போ.

லைனரை வெளியே எடுத்துவிட்டு பிளாஸ்டிக் ஓடு எப்படி இருக்கிறது என்று மட்டும் பார். ரிவெட்டைச் சுற்றி, கணுக்கால் திருகைச் சுற்றி, அடிவிளிம்பில் டார்ச் அடி. வெளிறல், மஞ்சள் நிறம் மட்டும் என்றால் பெரும்பாலும் வெயில் பட்டது, அதற்காகத் தூக்கி எறியாதே. ஆனால் வெடிப்பு, பிசுபிசுப்பு, நகத்தில் உதிர்வு, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் பசை போட்டு ஒட்டும் யோசனையே வேண்டாம். பாரம் தாங்கும் இடத்தில் பசை நிற்காது. ஓடு நன்றாக இருக்கிறது என்று நம்ப வைத்து ஏமாற்றும்.

இரண்டாம் கையாக ஓடு வாங்கினால் லைனர் இல்லாமல் வெறுங்காலை உள்ளே விடு. விரல் நுனி முன்னால் லேசாகத் தொட்டால், குதிகாலுக்குப் பின்னால் ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் எந்த லைனரும் காப்பாற்றாது. சீசன் முடிந்ததும் உள்ளே நன்றாகக் காயவிட்டு, பக்கிளை லேசாக மட்டும் மாட்டி, வீட்டுக்குள் வை. ஹீட்டர் பக்கத்தில் வேண்டாம், கார் டிக்கியிலும் வேண்டாம். ராத்திரி முழுக்கக் குளிரில் விட்ட பூட்ஸைக் காலையில் வலுக்கட்டாயமாக விரித்துக் காலை நுழைக்கவும் கூடாது. அந்தக் குளிரில் பிளாஸ்டிக் விறைத்துக் கிடக்கும்.

பழைய ஜோடியிலிருந்து அப்பா பக்கிள்கள், திருகுகள், கம்பி எல்லாவற்றையும் கழற்றி ஒரு பையில் போட்டிருக்கிறார். துரு இல்லை, நல்ல உலோகம். பிளாஸ்டிக் ஓடுகளை இரண்டாக அறுத்துத்தான் குப்பையில் போட்டோம், யாராவது எடுத்து மாட்டிக்கொண்டு விழக்கூடாதே. மாமா அடுத்த வாரம் கிளம்புகிறார். அதற்குள் உன் பூட்ஸில் பக்கிள் ஓட்டைகளுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து வாட்ஸாப்பில் அனுப்பு. பொருந்தினால் பை வரும், பொருந்தாவிட்டால் அந்த இடத்தில் எலுமிச்சை ஊறுகாய் இன்னொரு பாட்டில் வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா