மாங்காய் எப்படித் தொங்கும்?

அன்புள்ள மாப்ள,

உன் வாய்ஸ் மெசேஜ் வந்து பதினோரு நாளாகிறது. பள்ளியில் பாட்டும் படமும் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று ஏழு நிமிஷம் பேசியிருக்கிறாய். பதிலுக்கு நானும் பேசி அனுப்பலாம் என்று போனை எடுத்தேன், திண்ணையில் அம்மா பக்கத்து வீட்டுப் பாட்டியோடு கத்திக் கத்திக் கதை பேசிக்கொண்டிருந்தாள், முடியவில்லை. (காது இப்போது சுத்தமாகக் கேட்பதில்லை. மெஷின் வாங்கிக் கொடுத்தால் கழற்றி அரிசி டப்பாவில் போட்டு வைக்கிறாள்.) சரி, கடிதமாகவே எழுதுகிறேன், நாம் கடிதம் எழுதிக்கொண்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது.

வீட்டில் எல்லோரும் நலம். பெரியவள் ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள், தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். தோப்பில் இந்த வருஷம் பெங்களூரா மாங்காய் நன்றாகத்தான் காய்த்தது, ஆனால் விற்ற காசு பறிக்கிற கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டவில்லை, பாதியை மரத்திலேயே விட்டுவிட்டோம். அதை எழுத ஆரம்பித்தால் கடிதம் முழுக்கப் புலம்பலாகிவிடும், விடு.

நீ கேட்டதற்கு வருகிறேன். "பாட்டு நான் பாத்துக்குவேன்டா, படத்துக்கு எங்கே போவேன்" என்கிறாய். எனக்கு நேர் எதிர் கஷ்டம். ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஹாஸ்டலில் உன் சார்ட் எல்லாம் நான் வரைந்து கொடுத்தேன், நான் எடுத்த பயிற்சி வகுப்பில் நான் வாயசைக்க நீ ஜன்னலுக்கு வெளியே நின்று பாடினாய், மேற்பார்வைக்கு வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டு பேருக்கும் மார்க்கைக் குறைத்தார், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கடன்தான் இன்னும் தீராமல் ஓடுகிறது. பகுதிநேர ஓவிய ஆசிரியர்களை 2012இல் போட்டார்கள் என்றாலும், கல்வி உரிமைச் சட்டம் சொல்வதே ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கிற பள்ளிக்குத்தான். ஈராசிரியர் தொடக்கப் பள்ளிக்கு யார் வரப்போகிறார்கள்? தமிழும் நாம்தான், கணக்கும் நாம்தான், பாட்டும் நாம்தான், மணி அடிப்பதும் நாம்தான்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. உனக்கு வரையத் தெரியாதது நல்லது. எனக்கு வரையத் தெரிந்ததுதான் என் பிள்ளைகளுக்கு இத்தனை நாள் கேடாக இருந்திருக்கிறது.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கரும்பலகையில் மாமரம் ஒன்று போட்டேன், கலர் சாக்பீஸில், நிழல் எல்லாம் வைத்து, எனக்கே பார்க்க ஆசையாக இருந்தது. இருபத்து மூன்று பிள்ளைகளும் அதைப் பார்த்து வரைந்து முடித்தார்கள். நோட்டுகளை அடுக்கித் திருத்த உட்கார்ந்தால் இருபத்து மூன்று நோட்டிலும் என் மரம், கொஞ்சம் கோணலாக. இடது பக்கம் ஒடிந்த ஒரு கிளையை நான் சும்மா அழகுக்குப் போட்டிருந்தேன், அதுகூட எல்லா நோட்டிலும் ஒடிந்திருந்தது. மாந்தோப்புக்கு நடுவில் வளர்கிற பிள்ளைகள்டா இவர்கள், பாதிப் பேருடைய அப்பா அம்மா சீசனில் காய் பறிக்கப் போகிறவர்கள். அவர்களுக்கு நான் மாமரம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்!

திங்கட்கிழமை பலகையைத் துடைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "மாங்காய் மரத்துல எப்படித் தொங்கும்?" எல்லோரும் கையைத் தூக்கினார்கள். வரையச் சொன்னேன். இலைக்கு நடுவில் பொட்டு வைத்தது மாதிரி ஒட்டி ஒட்டி வரைந்தார்கள், ஒன்றுக்கும் காம்பு இல்லை. அப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற மரத்தடிக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தேன், ஆமாம், மல்லாக்கப் படுத்துப் பார்க்கச் சொன்னேன். பத்து நிமிஷம் யாரும் பென்சிலைத் தொடக் கூடாது. நாலாம் வகுப்புப் பையன் ஒருவன்தான் முதலில் கத்தினான், "சார், நூல்ல கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்குது சார்!" நீள நீளமான காம்பில், ஒரே காம்பில் இரண்டு மூன்றாக, கனம் தாங்காமல் கிளையே வளைந்து. அன்றைக்கு வந்த இருபத்து மூன்று மரமும் இருபத்து மூன்று விதம். சிலது மரமாகவே இல்லை, ஒரு பெண் வெறும் காம்புகளையும் காய்களையும் மட்டும் பக்கம் முழுக்கப் போட்டிருந்தாள், மழை பெய்கிற மாதிரி இருந்தது. அதை எடுத்து வைத்திருக்கிறேன், நீ வரும்போது காட்டுகிறேன்.

இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, கரையில் குடிசை, ஒரு தென்னை. இந்தப் படம் உன் பள்ளியிலும் இருக்கும், எல்லா ஊரிலும் இருக்கிறது. இங்கே ஜன்னலைத் திறந்தால் எதிரில் பாறை மலை, உருண்டைக் கல்லாக ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கிடக்கிறது, முக்கோணம் எங்கேயும் கிடையாது. ஏன்டா அதை வரையவில்லை என்று ஒருவனைக் கேட்டேன். "அதை வரைஞ்சா மலைன்னு யாருக்கும் தெரியாது சார்" என்றான். எனக்குப் பதில் வரவில்லை, இப்போதும் வரவில்லை.

உன் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டை வரைந்து, சுவருக்கு உள்ளே அம்மா சோறாக்குவதையும் போட்டிருப்பார்கள், பாட்டி வீட்டைவிடப் பெரிசாக இருப்பாள். திருத்தாதே. அந்த வயதில் கண்ணுக்குத் தெரிவதைவிட மனசுக்குத் தெரிந்ததைத்தான் வரைவார்கள், முக்கியமானவர்கள் பெரிசாக இருப்பார்கள். நானெல்லாம் "சுவர் வழியா எப்படித் தெரியும்?" என்று ரப்பரைக் கொடுத்து அழிக்க வைத்தவன். ஒன்பது பத்து வயதில் தானாகவே பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்து "எனக்கு வராது சார்" என்று பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். அதற்கு முன்னாலேயே ரப்பரைக் கொடுத்து நாமே அதைச் சீக்கிரம் வரவழைக்க வேண்டுமா? பிள்ளைகள் தாங்களே செய்து படிக்கிற செயல்வழிக் கற்றல் வந்தபோது சுவரைச் சுற்றிப் பிள்ளைகள் உயரத்துக்குத் தாழ்வாகக் கரும்பலகை பூசினார்களே, உன் பள்ளியில் அது இன்னும் இருந்தால் சார்ட் ஒட்டி மறைக்காதே. அதைவிட நல்ல ஓவிய நோட்டு கிடையாது.

ஆக, படத்துக்கு நீ செய்ய வேண்டியது வரைந்து காட்டாமல் இருப்பது. உனக்கு அது கஷ்டமே இல்லை.

ஆனால் பாட்டுக்கும் இதே வழி என்று நினைத்து நான் பெரிய முட்டாள்தனம் செய்தேன். படத்தில் விட்ட மாதிரியே "உங்களுக்குப் பிடிச்ச மாதிரி பாடுங்க" என்று விட்டேன், காக்காக் கூட்டம் மாதிரி ஆகிவிட்டது. பாட்டு காதில் விழுந்தால்தான் வாயில் வரும், யாராவது முதலில் பாடித்தான் ஆக வேண்டும். பாடினேன். என் தொண்டை உனக்குத் தெரியும். நான் பாடினால் பிள்ளைகள் அடித்தொண்டையில் முனகினார்கள், இல்லாவிட்டால் கத்தினார்கள், இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. அவர்களுக்குச் சுருதி ஞானம் இல்லை என்று ஒரு வருஷம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீதான் போனில் கேட்டாய், "நீ எத்தனை கட்டைல பாடற?" ஒரு கட்டை. தாழ்ந்த சுருதி, ஆம்பிளைக் குரல். பிள்ளைகளுக்கு அதைவிட உயரமாக ஐந்து கட்டை, ஐந்தரையாவது வேண்டும் என்றாய். போனில் தம்பூரா ஆப்பை ஐந்தில் வைத்தேன், என்னால் அங்கே எட்ட முடியாது, அதனால் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியை ஆரம்பிக்கச் சொன்னேன். அவ்வளவுதான் மாப்ள, மறுநாளே எல்லோரும் ஒரே குரலில் வந்து நின்றார்கள். குறை என் கட்டையில்.

இப்போது பாட்டை அவள் எடுத்துக்கொடுக்கிறாள், நான் தாளம் மட்டும் போடுகிறேன். அதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரு பையனின் தாத்தா பம்பை அடிக்கிறவர், கூத்துக்கும் சாமி அழைப்புக்கும் போவார். ஒருநாள் பேரனுக்கு மறந்துபோன தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க வந்தார், பிடித்து உள்ளே உட்கார வைத்தேன். மறுநாள் பம்பையோடு வந்தார், மரத்தில் ஒன்றும் பித்தளையில் ஒன்றுமாகச் சேர்த்துக் கட்டியது. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகள் பயந்து மூலைக்கு ஓடினார்கள், ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்து அவர் மடியில் ஏறாத குறை. அவர் அடிக்க அடிக்க, ஹாஸ்டலில் நீ சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துத் தட்டுவாயே, அந்தச் சொற்கட்டு எனக்கு ஞாபகம் வந்தது. தக இரண்டு, தகிட மூன்று, தகதிமி நாலு. பலகையில் ஏழு என்று எழுதி, இதை எப்படித் தட்டலாம் என்று கேட்டேன். தகிட தகதிமி என்றார்கள். தகதிமி தகிட என்றார்கள். "ரெண்டும் ஏழுதான், ஆனா அடி வேற மாதிரி வருது சார்" என்று இரண்டாம் வகுப்பிலிருந்து ஒரு குரல். தக தக தகிட. ஒரு வாலு எழுந்து "தகிட தகிட த" என்று சொல்லி அந்தக் கடைசித் 'த'வுக்கு ஒரு குதி குதித்தான். மூன்றும் மூன்றும் ஒன்றும் ஏழு, கணக்குக்குச் சரி, உங்கள் தாளத்தில் அது செல்லுமா? தாத்தாவைக் கேட்டால் "அடிச்சா அடிதான்" என்கிறார்.

உனக்குத் தெரியாத கஷ்டம் ஒன்று இங்கே உண்டு. வேப்பனப்பள்ளி பக்கம் நிறைய வீட்டில் தெலுங்கு, கொஞ்சம் கன்னடம். ஜூனில் சேர்ந்த ஒரு குட்டி இரண்டு மாதம் வாயே திறக்கவில்லை, தமிழ் புரியவில்லை. தகதிமிக்குத் தமிழும் இல்லை தெலுங்கும் இல்லையே, அன்றைக்கு முதல் வரிசையில் உட்கார்ந்து தட்டியது அவள்தான். இப்போது வகுப்பில் அதிகம் பேசுவதும் அவள்தான், அதற்கு நான் தனியாகக் கஷ்டப்படுகிறேன்.

போட்டியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அரசுப் பள்ளிகளுக்கு நடக்கிற கலைத் திருவிழாவில் 2024-25இலிருந்து ஒன்று முதல் ஐந்து வகுப்பையும் சேர்த்தது நல்லதுதான், மைக் முன்னால் நம் பிள்ளைகளும் நிற்கிறார்கள். ஆனால் ஒரு போட்டியில் வண்ணம் தீட்டுவதற்கு என் வகுப்புப் பெண் ஒருத்தி ஆட்டுக்கு நீலம் அடித்தாள், "ஆடு நீலமா இருக்குமா?" என்று ஒருவர் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். அவர்கள் வீட்டு ஆட்டுக்கு அடையாளத்துக்கு நீல மை பூசியிருக்கிறார்கள், அவள் அதைத்தான் அடித்திருக்கிறாள், அதைச் சொல்லக்கூட அவளுக்கு வாய் வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் யார்மேல் பட? ரப்பர் கொடுத்தவன் நான்.

அப்புறம் போன மாதம் ஊர் எல்லையில் வேடியப்பன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். இங்கே வேடியப்பன் என்று கும்பிடுகிற கல்லில் பல நடுகல்தான், சண்டையில் செத்த வீரனுக்கு நட்டது. எங்கள் ஊர்க் கல்லில் ஒரு கையில் வில், ஒரு கையில் வாள், தலையில் கொண்டை. மஞ்சளும் எண்ணெயும் ஏறி முகம் மொழுமொழுவென்று ஆகிவிட்டது. அவருக்கு மீசை இருக்கிறதா இல்லையா என்று பிள்ளைகளுக்குள் பெரிய தகராறு. ஒருத்தி கிட்டே போய் விரலால் தடவிப் பார்க்கப் போனாள், பூசாரி "தொடாத பாப்பா" என்றார், பிறகு அவரும் குனிந்து பார்த்துவிட்டு "நாப்பது வருஷமா பூஜை பண்றேன், நானும் பாக்கலையே" என்றார். பாதிப் படத்தில் மீசை இருக்கிறது, பாதியில் இல்லை. அப்படியே வகுப்பில் ஒட்டியிருக்கிறேன்.

பொங்கல் லீவுக்கு வா. ஆர்மோனியத்தை எடுத்துக்கொண்டு வா, துருத்தி கிழிந்திருந்தது என்றாயே, ஒட்டிவிட்டாயா? பம்பைத் தாத்தா "உங்க ஃபிரண்டு எப்ப வராரு" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி போன் பண்ணு, டவுன் பஸ்ஸுக்கு நிற்காதே, நான் வண்டியில் வந்து அழைத்துக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்,
ஜன்னலுக்கு உள்ளே வாயசைத்தவன்